முதல் இடத்தில் எதை வைப்பது

மே மாதம் வந்தால் என் கடையில்
பேனாவுக்குக் கயிறு கட்டவேண்டும்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ், ஸ்கேன், லேமினேஷன்,
வெள்ளைத் துணி தொங்கும் போட்டோ மூலை.
இந்தத் தெருவில் எல்லாருடைய மதிப்பெண்ணும்
எனக்குத் தெரியும்.
எந்திரத்திலிருந்து வெளிவரும் தாள்
தொண்ணூற்று நான்கானாலும் முப்பத்தைந்தானாலும்
ஒரே சூடுதான்.

விண்ணப்பம் நிரப்ப ஐம்பது ரூபாய்.
சாதிக்கும் வருமானத்துக்கும் சான்றிதழ் எங்கே என்பேன்,
நாடகச்சேரியில் வாங்கியது.
கன்னடத்தில் அது ஊர் அலுவலகம்.
தமிழில் எழுதினால் ஏதோ கூத்து நடக்கிற இடம்.
இரண்டும் சரிதான் என்பார்கள்
மூன்று முறை வரிசையில் நின்றவர்கள்.

ஜெசிந்தா வந்தது கடைசித் தேதிக்கு முந்தின நாள்.
பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஓர் உறை, அதற்குள்
மடிப்பில் எண் தேய்ந்துபோன தாள்.
நான்கு சைபரா ஐந்து சைபரா?
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து எண்ணினோம்.
ஒன்று தவறினால் கட்டணச் சலுகை
காற்றோடு போகும்.

தந்தையின் தொழில்: பெயின்டர்.
தாயின் தொழில்?
"மூணு வீட்ல சமையல், ஒரு வீட்ல குழந்தை.
ஒரே கட்டம்தானா இருக்கு?"

அடுத்து விருப்பப் பட்டியல்.
நூறு கல்லூரி வைக்கலாம். அவள் ஒன்பது வைத்திருந்தாள்.
ஒன்பதும் ஒரே பஸ் போகும் வழியில்.
பஸ்தான் உனக்கு இலவசமாச்சே என்றேன்.
"நேரம் இலவசம் இல்லண்ணா.
ஒருநாள் விட்டு ஒருநாள்
ஆறு மணிக்குத் தண்ணி வரும்."

இந்த ஒரு இடத்தில்தான் ஊரே தவறு செய்கிறது.
கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே வைத்து
வேண்டும் என்பதைக் கீழே ஒளிக்கிறார்கள்.
கம்ப்யூட்டருக்குக் கூச்சம் புரியாது, தங்கச்சி.
மேலிருந்து படித்துக்கொண்டு வரும்,
ஒன்று பொருந்தியதும் நின்றுவிடும்.
கீழே என்ன எழுதினாய் என்று
எட்டிக்கூடப் பார்க்காது.

நகத்தைக் கடித்தாள்.
பிறகு பத்தாவதாக ஒன்றைச் சொன்னாள்,
வாங்கப்போகாத பட்டுப்புடவையைத்
தொட்டுப் பார்க்கிறவள் மாதிரி சிரித்துக்கொண்டு.
நான் அதை இழுத்து முதல் இடத்தில் போட்டேன்.
"ஐயோ வேணாம்" என்றாள்.
மௌஸ் பக்கம் கை மட்டும் வரவில்லை.

அப்போது கரண்ட் போனது.
யு.பி.எஸ். கூவத் தொடங்கியது, ஏழு நிமிடம் தாங்கும்.
ஓ.டி.பி. போவது அம்மாவின் போனுக்கு.
அம்மா இருப்பது கல்யாண் நகரில் நான்காம் மாடி,
குக்கருக்குப் பக்கத்தில்.
"எண்ணைச் சொல்லும்மா."
ஒன்று, ஆறு, விசில்,
"திரும்பச் சொல்லும்மா",
ஒன்று, ஆறு, சைபர், சைபர், விசில்.
கடைசி இரண்டு எண்ணும்
பருப்பு வெந்த பிறகுதான் வந்தன.

சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சையில் ஒளிர்ந்ததும்
திரை அணைந்தது.
யாரும் எதுவும் பேசவில்லை.
வெளியே முதல் மழை தகரத்தில் விழுந்தது.

அவளிடம் முப்பது ரூபாய்தான் இருந்தது.
மேஜைக் கண்ணாடிக்கு அடியில்
ஆறு வருடமாகக் கிடக்கும் என் ஹால் டிக்கெட்டை
செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டாள்.
இரண்டாம் பி.யு.சி., கணிதம், மறுதேர்வு.
"எழுதலையா?"
"போனேன். கேட் வரைக்கும்."
"எதுல சிக்கல்?"
"இன்டக்ரேஷன்."

பாக்கி இருபது ரூபாய்க்கு
வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம்
கயிறு கட்டிய பேனாவால்
கயிறு எட்டும் தூரத்துக்குள்
ஒரு வளைகோடு போட்டாள்.
அதன் கீழே நெருக்கி நெருக்கி நேர்கோடுகள்,
வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி.
"அவ்வளவுதாண்ணா.
சின்னதா வெட்டி வெட்டிக் கூட்டுறது.
இதுக்கா பயந்த?"

இதற்குத்தான்.

முதல் சுற்று முடிவு இன்னும் வரவில்லை.
மேலே இழுத்துப் போட்டதா,
கீழே ஒன்பதில் ஒன்றா, தெரியாது.
என் தாளில் மூன்று கணக்கு பாக்கி நிற்கிறது.
வெள்ளிக்கிழமை வருவாள்.
அன்றைக்குத் தண்ணீர் வராது.